கச்சானைத் தாங்கும் ஆடு வாடையைத் தாங்குமா?



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டால் நம் பக்கத்து ஊர்களில் ஆட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எங்கே போனாலும் வளவுகளில் கிடாய்கள் கட்டி நிற்கும். பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் கையில் குழையோடு அவற்றைச் சுற்றி நிற்பார்கள்.

அந்த நேரத்தில் பெரியவர்கள் பேசிக்கொள்வதும் காதில் விழும். "ஆடு வளர்த்தா நட்டமே வராது. உறுதியான சாமான். எதப் போட்டாலும் தின்னும், எங்க கட்டினாலும் கிடக்கும்."

இதைக் கேட்ட ஒரு பிள்ளை, "அப்படியென்றால் ஆடு வளர்த்த எல்லாரும் ஏன் பணக்காரர் ஆகவில்லை, மாமா?" என்று கேட்டால், அந்தப் பிள்ளையின் முதுகில் தட்டிக்கொடுப்பேன். விஞ்ஞானம் இப்படிப்பட்ட கேள்வியில்தான் தொடங்குகிறது.

ஆடு உறுதியான பிராணிதான். ஆனால் எதற்கு உறுதி? வெயிலுக்கா, மழைக்கா? பசிக்கா, புழுவுக்கா? இறைச்சிக்காக ஆடு வளர்க்கிறவருக்கு லாபம் வருவதும் வராததும் இந்தக் கேள்விக்கு அவர் கண்டுபிடிக்கும் பதிலில் இருக்கிறது. வாருங்கள், ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பதிலைத் தேடுவோம்.

மலையிலிருந்து வந்த பிராணி

இன்றைய ஈரானின் மேற்கில் சாக்ரோஸ் என்று ஒரு மலைத்தொடர் இருக்கிறது. அங்கே கஞ்ச் தாரே என்ற இடத்தில் தோண்டிப் பார்த்தவர்களுக்கு ஏராளமான ஆட்டெலும்புகள் கிடைத்தன. அவை ஏறக்குறைய 10,000 வருடம் பழையவை.

எலும்பை வைத்து என்ன கண்டுபிடிக்கலாம்? கிடாயா மறியா, எந்த வயதில் அறுக்கப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்கலாம். அங்கே கிடாய்கள் இளம் வயதிலேயே அறுக்கப்பட்டிருந்தன. பெண் ஆடுகள் வயதாகும்வரை உயிரோடு விடப்பட்டிருந்தன. வேட்டைக்காரர் இப்படிப் பார்த்துப் பார்த்து அறுப்பதில்லை. ஆகவே அங்கே இருந்தவர்கள் ஆடு வளர்த்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள்.

இன்றைக்கும் ஆட்டுக்காரர் செய்வது இதைத்தான். கிடாயை விற்பார், நல்ல மறியைப் பட்டியில் நிறுத்திக்கொள்வார். அந்தக் கணக்கு எவ்வளவு பழையது பார்த்தீர்களா?

அந்த மலை கல்லும் முள்ளும் உள்ள வறண்ட இடம். அங்கே பிழைக்க என்னென்ன வேண்டுமோ அதெல்லாம் ஆட்டின் உடம்பில் இருக்கிறது. முள்ளுக்கு நடுவே உள்ள ஒற்றை இலையையும் பொறுக்கி எடுக்க அசையும் மேலுதடு இருக்கிறது. பின்னங்காலில் எழுந்து நின்று கிளையை எட்டும் பழக்கம் இருக்கிறது. பாறையில் வழுக்காத குளம்பும் இருக்கிறது.

தாகத்தை அடக்கும் திறமையும் உண்டு. சினாய், நெகேவ் பாலைவனங்களில் பெதூயின் மக்கள் வளர்க்கும் கறுப்பு ஆடுகள் இரண்டு முதல் நான்கு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் குடிக்கும். குடிக்கும்போது தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் சில நிமிடங்களில் குடித்துவிடும். அவ்வளவு தண்ணீரும் ஒரேயடியாக இரத்தத்தில் கலந்தால் இரத்த அணுக்கள் வெடித்துப்போகும். ஆடு அதை முதலில் வயிற்றில் தேக்கிவைத்து, பிறகு மெல்ல மெல்ல உடம்புக்குள் விடுகிறது.

இதை வாசித்துவிட்டு உங்கள் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்காமல் விட்டுவிடாதீர்கள்! நம்முடையவை பாலைவன ஆடுகள் அல்ல. பால் கொடுக்கும் தாய் ஆட்டுக்குத் தண்ணீர் எப்போதும் வேண்டும். ஆனால் ஒரு விஷயம் விளங்கிவிட்டது அல்லவா? மே மாதம் தொடங்கி மேற்கிலிருந்து சுட்டெரித்துக்கொண்டு அடிக்கிறதே நம்மூர்க் கச்சான் காற்று, அது ஆட்டுக்குப் புதிதல்ல. வறட்சி அதன் பிறந்த வீடு.

வயிற்றுக்குள் ஒரு பண்ணை

ஒரு ஆட்டின் வாயைத் திறந்து பாருங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மேல்வரிசையில் முன்பல்லே இல்லை! அந்த இடத்தில் கெட்டியான முரசு மட்டும் இருக்கும். கீழே எட்டு முன்பற்கள். இலையை அந்த முரசோடு அழுத்திப் பிடித்துப் பறிக்கும்.

பறித்த இலையை அது நன்றாக மெல்லுவதில்லை. இடைவேளை மணி முடிவதற்குள் சாப்பாட்டை அவசரமாக விழுங்கிவிட்டு ஓடுகிற பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்குமே, அப்படித்தான் ஆடும் விழுங்குகிறது. ஆனால் ஆட்டுக்கு ஒரு வசதி உண்டு. நிழலில் போய்ப் படுத்த பிறகு, விழுங்கியதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து ஆறுதலாக மெல்லும். அதைத்தான் அசைபோடுதல் என்கிறோம்.

ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறைதான் மிகப் பெரியது. அதற்கு ரூமன் என்று பெயர். அந்த அறைக்குள் கோடி கோடியாகப் பற்றீரியாக்களும் வேறு நுண்ணுயிர்களும் வாழ்கின்றன.

அவற்றின் வேலை என்ன? இலையில் செலுலோசு என்ற கடினமான பொருள் இருக்கிறது. நம் வயிற்றால் அதைச் செரிக்க முடியாது. ஆட்டாலும் தனியே முடியாது. அந்த நுண்ணுயிர்கள்தான் அதை உடைக்கின்றன. உடைக்கும்போது உண்டாகும் அமிலங்கள் ஆட்டுக்குச் சக்தி தருகின்றன. மிஞ்சும் வாயுவை ஆடு ஏப்பமாக விட்டுவிடும்.

இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். பெருகிய நுண்ணுயிர்கள் அடுத்த அறைகளுக்குத் தள்ளப்படும்போது ஆடு அவற்றையே செரித்துப் புரதமாக்கிக்கொள்கிறது. நாம் ஆட்டை வளர்க்கிறோம். ஆடு நுண்ணுயிர்களை வளர்க்கிறது. நாம் காசு கொடுத்து வாங்கும் இறைச்சியில் பெரும்பங்கு அந்தக் கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் உழைப்பு. புரிகிறதா? ஒருமுறை நின்று யோசித்துவிட்டு அடுத்த கதைக்கு வாருங்கள்.

ஹவாய் ஆடுகளின் இரகசியம்

இப்பில் இப்பில் மரம் தெரியும்தானே? சின்னச் சின்ன இலையும் தட்டையான நீளக் காயும் உள்ள மரம். அதன் இலையில் புரதம் அதிகம். ஆனால் அதில் மிமோசின் என்ற நஞ்சும் உண்டு. அவுஸ்திரேலியாவில் இந்த இலையை நிறையத் தின்ற மாடுகளுக்கு மயிர் உதிர்ந்தது. கழுத்துச் சுரப்பி வீங்கியது. எடையும் குறைந்தது.

ரேமண்ட் ஜோன்ஸ் என்ற அவுஸ்திரேலிய விஞ்ஞானி ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஹவாய்த் தீவில் ஆடுகள் அதே இலையை வயிறு நிறையத் தின்றும் சுகமாக இருந்தன. ஒரே இலை இங்கே நஞ்சு, அங்கே உணவு. ஏன்?

மரத்தில் வித்தியாசம் இல்லை, வயிற்றில்தான் இருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். 1980களின் தொடக்கத்தில் ஹவாய் ஆட்டின் வயிற்று நீரை எடுத்து அவுஸ்திரேலியக் கால்நடைகளின் வயிற்றுக்குள் செலுத்தினார்கள். அவற்றுக்கும் அந்த நஞ்சைத் தாங்கும் சக்தி வந்துவிட்டது! அந்த நீரில் நஞ்சை உடைக்கும் ஒரு பற்றீரியா இருந்தது. 1992இல் அதற்கு ஜோன்ஸைக் கௌரவித்து சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயர் சூட்டினார்கள்.

ஆட்டின் உறுதி அதன் எலும்பிலோ தோலிலோ மட்டும் இல்லை என்பதை இந்தக் கதை காட்டுகிறது. அது எந்த ஊரில் என்ன தின்று பழகியதோ, அந்த வயிற்றில் இருக்கிறது. அதனால் உங்கள் ஆட்டுக்கு இப்பில் இப்பில் புதிதானால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். பழகிய பிறகும் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

கலியாண வீட்டுச் சோறு

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. கலியாண வீட்டிலோ கந்தூரியிலோ மிஞ்சிய சோற்றை ஒரு பெரிய சட்டியில் கொண்டுபோய் ஆட்டுக்கு வைத்தால் நல்லதுதானே? பாவம், வயிறு நிறையத் தின்னட்டுமே?

அவசரப்படாதீர்கள். வயிற்றுக்குள் இருக்கும் பண்ணையை நினைத்துப் பாருங்கள். அங்கே இருப்பவை இலைக்குப் பழகிய நுண்ணுயிர்கள். திடீரென்று ஒரு சட்டி சோறோ பாணோ உள்ளே போனால், மாப்பொருளை வேகமாகத் தின்னும் வேறு பற்றீரியாக்கள் மளமளவென்று பெருகும். அவை புளிப்பான லற்றிக் அமிலத்தை உண்டாக்கும். அந்தப் புளிப்பில் இலையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். ஆடு தீனி தின்னாது, பல்லைக் கடிக்கும், வயிறு கழியும். ஓரிரு நாளில் செத்தும் போகலாம்.

அன்பாகத்தான் கொடுத்தோம். ஆனால் கல்லையும் முள்ளையும் வென்ற பிராணி ஒரு சட்டி சோற்றில் விழுந்துவிட்டது. பசியைத் தாங்கும் ஆடு, திடீர் விருந்தைத் தாங்காது.

கடைத்தெருவில் கட்டாக்காலியாக அலையும் ஆட்டுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. உப்புச்சுவை ஒட்டிய சொப்பிங் பேக்கை அது விழுங்கிவிடும். எந்த நுண்ணுயிராலும் அதை உடைக்க முடியாது. அது ரூமனிலேயே பந்தாகச் சுருண்டு கிடக்கும். தீனிக்கு இடம் குறைந்து, ஆடு மெலிந்துகொண்டே போகும்.

வேலியில் இருக்கும் தீவனம்

அப்படியானால் எதைக் கொடுப்பது? கல்முனைக் கரையோரம் வீட்டோடு வீடு ஒட்டிய இடம். மேய்ச்சல் தரை கிடையாது. ஆகவே ஆட்டைக் கட்டிவைத்து, குழையை வெட்டிவந்து போடுவதே வசதி.

25 கிலோ எடையுள்ள ஆடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 கிலோ பச்சைக் குழை தின்னும். 365ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு ஒரு தொன்னுக்கும் மேலே! இவ்வளவையும் காசு கொடுத்து வாங்கினால் லாபம் எங்கே மிஞ்சும்?

இங்கேதான் கிளிரிசீடியா வேலி கைகொடுக்கிறது. தடியை ஊன்றினால் முளைக்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். அதன் உலர்ந்த இலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் புரதம். வைக்கோலில் புரதம் நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். சில ஆடுகள் கிளிரிசீடியாவின் மணத்தைக் கண்டு முகத்தைத் திருப்பும். வெட்டிச் சில மணி நேரம் வாடவிட்டுக் கொடுத்தால் தின்னத் தொடங்கும். பூவரசு, முருங்கை, பலா இலைகளும் நல்லவை. சம்மாந்துறைப் பக்கம் வயல் வைத்திருப்பவர்கள் வரப்போரத்திலும் வாய்க்காலோரத்திலும் இந்தத் தடிகளை ஊன்றலாம்.

குழையை நிலத்தில் கொட்டாதீர்கள். கட்டி உயரத்தில் தொங்கவிடுங்கள். ஏன் உயரத்தில்? அந்தக் காரணம்தான் இன்றைய பாடத்தின் மையம். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

வாடை வரும்போது

நவம்பரில் காற்றுத் திசை மாறும். வடகிழக்கிலிருந்து வாடை வரும். மாரி மழை கொட்டும். வளவெல்லாம் தண்ணீர் நிற்கும். காய்ந்த நிலமெல்லாம் பச்சைப் புல்லாகும். ஆட்டுக்கு நல்ல காலம் வந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும்.

உண்மையில் அதற்குக் கெட்ட காலம் அப்போதுதான் தொடங்குகிறது.

ஹீமோன்கஸ் என்று ஒரு புழு. இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீளம். ஆட்டின் நான்காவது வயிற்றறையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டைகள் புழுக்கையோடு வெளியே வரும். சூடும் ஈரமும் இருந்தால் ஒரு கிழமைக்குள் குஞ்சுப் புழுக்கள் தயார். மழைநீரும் பனியும் படிந்த புல்லில் அவை கொஞ்சத் தூரம் ஏறிக் காத்திருக்கும். ஆடு அந்தப் புல்லைக் கடித்தால் அதோடு உள்ளே போய்விடும்.

கொஞ்சத் தூரம் என்று சொன்னேன், கவனித்தீர்களா? நிலத்திலிருந்து சில சென்ரிமீற்றர்தான் அவை ஏறும். மலையில் ஆடு எங்கே தின்றது? கிளையில், முகத்துக்கு நேரே, சில நேரம் தலைக்கும் மேலே. அந்த உயரத்துக்குப் புழு வராது. அதனால் மாட்டைப் போலவும் செம்மறியைப் போலவும் இந்தப் புழுவை எதிர்க்க வெள்ளாட்டின் உடம்பு கற்றுக்கொள்ளவில்லை. ஈரப் புல்லில் தலைகுனிந்து மேயவிட்டால் அது நிராயுதபாணி.

கச்சானைத் தாங்கும் ஆடு வாடையில் சுருண்டு விழும் காரணம் இப்போது தெரிகிறதா? காற்று அதைக் கொல்லுவதில்லை. நனைந்த புல்லும் சேறும்தான் கொல்லுகின்றன.

அதனால் மூன்று காரியம் செய்ய வேண்டும். காலையில் வெயில் ஏறிப் பனி உலர்ந்த பிறகு அவிழ்த்துவிட வேண்டும். தீனியை உயரத்தில் தொங்கவிட வேண்டும். பரண் கொட்டில் கட்ட வேண்டும். நிலத்திலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் கமுகஞ் சலாகையோ பனஞ் சலாகையோ அடித்து, இடையிடையே ஒன்றரை சென்ரிமீற்றர் வெளி விடுவார்கள். புழுக்கை கீழே விழும், குளம்பு சிக்காது. ஆட்டின் காலும் படுக்கையும் உலர்ந்திருக்கும். கீழே சேரும் எரு மணல் மண்ணில் மரக்கறி நடுபவர்களுக்கு வேண்டிய பொருள். அதுவும் காசுதான்.

கண் சொல்லும் சேதி

புழு வயிற்றுக்குள் இருக்கிறதா என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? தென்னாபிரிக்காவில் ஒரு எளிய வழி கண்டார்கள். ஃபமாச்சா அட்டை என்று சொல்வார்கள். ஆட்டின் கீழ் இமையை மெல்ல விரித்து உள்பக்க நிறத்தைப் பார்க்க வேண்டும். நல்ல சிவப்பு என்றால் சுகம். இளஞ்சிவப்பு என்றால் கவனம். வெள்ளை என்றால் இரத்தம் போய்விட்டது, உடனே மருந்து வேண்டும். அட்டையில் இப்படி ஐந்து நிறப்படிகள் இருக்கும்.

ஏன் எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்துவிடக் கூடாது? நல்ல கேள்வி. எல்லாவற்றுக்கும் அடிக்கடி கொடுத்தால், மருந்துக்குத் தப்பிய புழுக்கள் மட்டும் மிஞ்சும். அவற்றின் குஞ்சுகளும் மருந்துக்கு அடங்காதவையாகவே பிறக்கும். கொஞ்ச நாளில் மருந்து வெறும் தண்ணீராகிவிடும். அதனால் தேவையான ஆட்டுக்கு மட்டும், கால்நடை வைத்தியரிடம் கேட்டு, எடைக்கு ஏற்ற அளவில் கொடுப்பதுதான் புத்தி.

மாரியில் ஆட்டுக்கு இன்னொரு எதிரியும் உண்டு, நுளம்பு. மாட்டின் வயிற்றுக் குழிக்குள் செட்டேரியா என்ற வெள்ளைப் புழு வாழ்கிறது. மாட்டுக்கு அது பெரிய கெடுதி செய்வதில்லை. நுளம்பு மாட்டைக் கடித்துவிட்டு ஆட்டைக் கடித்தால், அந்தப் புழுவின் குஞ்சு ஆட்டுக்குள் போய்விடும். அங்கே அதற்கு வழி தெரியாது. அலைந்து திரிந்து முதுகுத் தண்டுக்கோ மூளைக்கோ போய்விடும். நேற்றுவரை துள்ளிய ஆடு இன்றைக்குப் பின்னங்காலை இழுக்கும். 1950களிலிருந்தே இலங்கையில் ஆராயப்படும் நோய் இது.

வயலும் மாடும் தேங்கிய தண்ணீரும் சேர்ந்த நம் பகுதியில் இதை மறக்கக் கூடாது. ஆட்டுக் கொட்டிலை மாட்டுப் பட்டியிலிருந்து தள்ளி வையுங்கள். தண்ணீர் தேங்கவிடாதீர்கள். மாலையில் புகை போடுங்கள். கால் தடுமாறினால் அன்றைக்கே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பெரிய ஆடா, சின்ன ஆடா?

உங்கள் வாப்பா ஆடு வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த இனம் வாங்குவது?

போயர் என்று ஓர் ஆடு. தென்னாபிரிக்காவில் இறைச்சிக்காகவே தெரிந்தெடுத்து உருவாக்கிய இனம். வெள்ளை உடம்பு, மண்ணிறத் தலை. நன்றாக வளர்ந்த கிடாய் 100 கிலோவையும் தாண்டும். ஜமுனாபாரி இந்தியாவின் யமுனை ஆற்றுப் பக்கத்து ஆடு. நீண்டு தொங்கும் காதும் வளைந்த மூக்கும் அதன் அடையாளம். நம் நாட்டிலேயே, புத்தளம் மாவட்டத்துக் கொட்டுக்கச்சியப் பண்ணையின் பெயரால் வழங்கும் ஓர் இனமும் உண்டு. உலர் வலயத்துக்காக உருவாக்கியது. இவை தவிர, நம் ஊர்ச் சின்ன ஆடுகள் இருக்கின்றன.

100 கிலோ என்றதும் கண் விரிகிறதா? கொஞ்சம் பொறுங்கள். பெரிய உடம்புக்குப் பெரிய தீனி வேண்டும். நான்கு மடங்கு எடையுள்ள ஆட்டுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு குழை வெட்ட வேண்டும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். நம் மாரியையும் நம் ஊர்ப் புழுக்களையும் பழகாத ஆடு சீக்கிரம் படுத்துவிடும். ஆகவே அனுபவசாலிகள் பலர் ஊர்த் தாய் ஆட்டை வைத்துக்கொண்டு, நல்ல இனக் கிடாயை அதோடு சேர்ப்பார்கள். குட்டிக்குத் தாயின் பழக்கமும் தகப்பனின் வளர்ச்சியும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும்.

இருபது ஆட்டுக்கு ஒரு கிடாய் போதும். ஆனால் அதன் மகள்கள் பருவத்துக்கு வருமுன் கிடாயை மாற்றிவிட வேண்டும். சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்தால் குட்டிகள் வரவர நோஞ்சானாகும்.

லாபம் பிறக்கும் இடம்

ஆட்டுக்குக் கர்ப்பகாலம் ஏறக்குறைய 150 நாள், அதாவது ஐந்து மாதம். நன்றாகக் கவனித்தால் ஒரு தாய் இரண்டு வருடத்தில் மூன்று முறை ஈனும். சில முறை ஒரு குட்டி, சில முறை இரட்டை.

ஒரு கணக்குப் போடுவோம். மூன்று ஈற்றில் ஐந்து குட்டி பிறந்தது என்று வைப்போம். ஐந்தும் பிழைத்தால் ஐந்து பங்கு வருமானம். இரண்டு செத்தால் மூன்று பங்குதான். ஆனால் தாய் தின்ற குழை குறையவில்லை. கொட்டில் கட்டிய செலவும் குறையவில்லை. அப்படியானால் லாபம் எங்கே போனது? செத்த இரண்டு குட்டிகளோடு போனது. இறைச்சி ஆட்டில் முதல் லாபம் குட்டியைச் சாகவிடாமல் காப்பதுதான்.

பிறந்தவுடன் குட்டிக்குக் கடும்புப் பால் கொடுக்க வேண்டும். மனிதக் குழந்தைக்குத் தாயின் நோயெதிர்ப்புப் பொருட்களில் ஒரு பகுதி கருப்பையிலேயே கிடைத்துவிடும். ஆட்டுக்குட்டிக்கு அப்படிக் கிடைப்பதில்லை. முதல் சில மணி நேரத்துக் கடும்புப் பாலில்தான் கிடைக்கும். நேரம் போகப்போகக் குட்டியின் குடல் அதை உள்ளே எடுக்கும் கதவை மூடிவிடும். மாரி இரவில் பிறந்த குட்டியைத் துடைத்து, உலர்த்தி, தாயின் மடியில் வாயை வைத்துவிடும் ஒரு பிள்ளை, அந்தப் பட்டிக்கு எத்தனை ரூபா சேர்த்துக்கொடுத்தது என்று இப்போது தெரிகிறதா?

பெருநாளைப் பின்னோக்கி எண்ணுவோம்

பெருநாளில் அறுக்கும் உழ்ஹிய்யாவுக்கு ஆடு வாங்குகிறவர்கள் வயதைக் கேட்பார்கள். நம் ஊர்களில் பின்பற்றும் ஷாபி மத்ஹபின்படி வெள்ளாட்டுக்கு இரண்டு வருடம் பூர்த்தியாகியிருக்க வேண்டும். குருடு, நொண்டி, நோய், எலும்பும் தோலுமான மெலிவு எதுவும் இருக்கக் கூடாது. நன்றாக வளர்த்த ஆடுதான் அந்தச் சந்தைக்குப் போகும்.

வயதை எப்படி அறிவது? பல்லைப் பார்த்துத்தான். குட்டிக்குக் கீழ்வரிசையில் எட்டுப் பாற்பற்கள். ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் நடுவில் மத்தியில் உள்ள சோடி விழுந்து பெரிய பல் முளைக்கும். இரண்டு வயதையொட்டி அடுத்த சோடி. அதைத்தான் நாலு பல்லு ஆடு என்பார்கள். மூன்றில் ஆறு, நான்கில் எட்டு. ஆட்டுக்கு ஆடு சில மாதம் முன்பின் ஆகலாம். ஆகவே குட்டி பிறந்த திகதியைக் கொப்பியில் எழுதிவைக்கும் பிள்ளைதான் உண்மையான சாட்சி.

2025இல் நம் நாட்டில் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7. இரண்டு ஹிஜ்ரி வருடம் பின்னே போனால் 2023 ஜூன் 29. அன்றைக்குள் குட்டி பிறந்திருக்க வேண்டும். இன்னும் 150 நாள் பின்னே போனால் 2023 ஜனவரி 30. அதற்குள் தாய் கருவுற்றிருக்க வேண்டும். ஒரு பெருநாள் ஆட்டுக்கான வேலை இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது!

இன்னும் ஒன்று. சந்திர வருடம் சூரிய வருடத்தைவிடப் பதினொரு நாள் அளவில் குறைவு. ஆகவே பெருநாள் வருடாவருடம் முன்னால் நகர்ந்து வருகிறது. 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7. இப்படியே நகர்ந்தால் 2038இல் ஜனவரி நடுப்பகுதிக்கு வந்துவிடும்.

இன்றைக்கு ஆட்டுக்காரர்கள் பெருநாள் ஆட்டைக் கொழுக்கவைப்பது காய்ந்த மாதங்களில். ஆட்டுக்குப் பிடித்த காலம் அது. 2038இல் நீங்கள் பெரியவர்களாகிப் பெருநாளுக்கு ஆடு வளர்த்தால், விற்பதற்கு முந்திய மூன்று மாதமும் மாரி! ஈரப் புல், புழு, நுளம்பு எல்லாம் சேர்ந்து வரும் நேரத்தில் ஆடு நோயில்லாமல், மெலியாமல், நாலு கால்களிலும் நேராக நிற்க வேண்டும். அப்போதும் யாராவது, "ஆடு உறுதியான சாமான், எப்படிப் போட்டாலும் கிடக்கும்" என்று சொல்லத்தான் செய்வார்கள்.

அதற்கு இப்போதே பழகத் தொடங்குங்கள். வீட்டிலோ பக்கத்து வளவிலோ ஆடு இருந்தால் ஒரு கொப்பி எடுங்கள். ஆடு அசைபோடும்போது ஒரு உருண்டையை எத்தனை முறை மெல்லுகிறது என்று எண்ணி எழுதுங்கள். எந்தெந்த இலையை முதலில் எடுக்கிறது, எதை ஒதுக்குகிறது என்று எழுதுங்கள். மாதம் ஒருமுறை பெரியவர் ஒருவரின் துணையோடு கீழ் இமையைப் பார்த்து நிறத்தைக் குறியுங்கள். கச்சான் மாதத்துப் பக்கத்தையும் மாரி மாதத்துப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் வளவு ஆடு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று அந்தக் கொப்பி சொல்லிவிடும். அதை வாப்பாவிடம் காட்டுங்கள். அடுத்த மாரிக்கு முன் பரண் கொட்டில் கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அவருக்கு அதைவிட நல்ல கணக்கு வேறெங்கும் கிடைக்காது.